கரை இறங்காத ஆடுகள்

சட்டக் கல்லூரியின் மூன்றாவது மாடியில், கழிப்பறையை ஒட்டியிருந்த அறையை மூன்று மாணவர் மன்றங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. சுற்றுச்சூழல் சட்ட மன்றத்துக்கு ஜன்னலோர அலமாரி, பன்னாட்டுச் சட்ட மன்றத்துக்குக் கதவோர அலமாரி. விலங்குகள் சட்ட மன்றம் கடைசியாகத் தொடங்கியது என்பதால் அதற்கு ஓர் அட்டைப்பெட்டிதான் கிடைத்தது. மேசையும் மின்விசிறியும் பொது. விசிறி யார் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதில் மட்டும் அடிக்கடி தகராறு வரும்.

விலங்குகள் மன்றத்தின் செயலாளரை எல்லோரும் கமா என்று கூப்பிட்டார்கள். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் வாங்கியவுடன் பேனாவை எடுத்துத் திருத்துவாள் என்பதால் முதலாண்டில் ஒட்டிக்கொண்ட பெயர். நான்காம் ஆண்டு வந்தபோது, மூன்று மன்றங்களின் மனுக்களும் கடிதங்களும் அவள் கண்ணில் படாமல் வெளியே போவதில்லை. சுற்றுச்சூழல் மன்றத்துக்கு நெட்டை தலைவன். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற நீளத்தில் வாக்கியங்கள். ஒரு சாக்கடையைப் பற்றி மனு எழுதச் சொன்னால் கடல் உண்டான கதையில் ஆரம்பிப்பான். பன்னாட்டு மன்றத்தை நடத்தியவனுக்கு அம்பாசடர் என்று பெயர். பதினெட்டாம் நம்பர் பஸ் போகும் தூரத்தைத் தாண்டி அவன் எங்கேயும் போனதில்லை.

அந்த வருடக் கோடையில் ஒரு திங்கட்கிழமை, செத்த ஆடுகள் ஏழு கரை ஒதுங்கின. வயிறு உப்பி, தோல் வெளுத்து, காதில் மஞ்சள் வில்லைகளோடு கிடந்தன. முதலில் பார்த்தவன் நெட்டை. வில்லையில் இருந்த எண்ணை வைத்து, அவை எந்தக் கப்பலில் இருந்து வந்தவை என்று மத்தியானத்துக்குள் அம்பாசடர் கண்டுபிடித்தான். துறைமுகத்தின் கடைசி மேடையில் ஒரு வாரமாகக் கட்டிக் கிடந்த ஆட்டுக் கப்பல் அது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ஆடுகளோடு போய், வாங்க வேண்டிய நாடு நோய் இருக்கிறது என்று திருப்பி அனுப்பியதால், டீசல் தீரும் நிலையில் இங்கே வந்து ஒதுங்கியிருந்தது. முதலாளி ஒரு நாட்டில், பதிவு வேறு நாட்டில், கப்பலில் பத்தொன்பது ஊழியர்கள். முதலாளியின் தொலைபேசி மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் அறையில் உட்கார்ந்தார்கள். ஒரே மனுவாகப் போடலாம் என்றுதான் பேச்சு ஆரம்பித்தது.

"முதல் கோரிக்கை, ஆடுகளை இறக்கி வைத்தியம் பார்க்கணும்," என்றாள் கமா.

"எங்க இறக்குவே? பக்கத்துல குடிதண்ணி ஏரி இருக்கு. நோய் இருக்கா இல்லையான்னே தெரியாது. முதல்ல செத்ததைக் கடல்ல வீசறதை நிறுத்தணும், அப்புறம்தான் மத்ததெல்லாம்," என்றான் நெட்டை.

"அந்தப் பத்தொன்பது பேரை ரெண்டு பேருமே மறந்துட்டீங்க," என்றான் அம்பாசடர். "ஆடு இருக்கிற வரைக்கும் அவங்களை யாரும் வீட்டுக்கு விடமாட்டாங்க."

மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் வாதாடிவிட்டு, ஆளுக்கொரு மனு போடுவது என்று முடிவு செய்தார்கள். அதே கல்லூரியில் படித்து வக்கீலான ஒரு அக்கா மூன்றிலும் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார்.

கமாவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அவள் அப்பா துறைமுகத்தில் கால்நடை மருத்துவர். வெளியிலிருந்து வரும் எந்த விலங்கும் அவர் கையெழுத்து இல்லாமல் கரையில் கால் வைக்க முடியாது. அன்று இரவு சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"நீ மனு போடறது உன் இஷ்டம். வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா அதுல நான் எதிர்த்தரப்பு. கப்பல் பேச்சை இந்த வீட்டுல எடுக்க வேண்டாம். நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் பார்த்து யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாது."

"சரிப்பா."

"அப்ப குழம்புல உப்பு சரியா இருக்கான்னாவது பேசுங்க," என்றாள் அம்மா. "அதுக்குக் கோர்ட்டு தடை இல்லையே."

இருவரும் சிரித்தார்கள். ஒப்பந்தத்தை இருவரும் ஒழுங்காகக் காப்பாற்றவும் செய்தார்கள்.

கப்பலில் ஆடுகளைப் பார்த்துக்கொண்டவரின் எண்ணை அம்பாசடர் எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்திருந்தான். ஐம்பது வயதிருக்கும். கப்பலில் அவரை ஆட்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். கமா அவரை அண்ணே என்றாள், அவர் அவளைத் தங்கச்சி என்றார். தினமும் இரண்டு முறை பேசுவார். அடித்தட்டு, நடுத்தட்டு, மேல்தட்டு என்று ஒவ்வொன்றிலும் எத்தனை நிற்கின்றன, எத்தனை படுத்துவிட்டன என்று சொல்வார். ஆடுகளைப் பற்றிச் சொல்லும்போது 'இதுங்க' என்று ஆரம்பித்து, இரண்டு வாக்கியத்துக்குள் 'பசங்க' என்று மாறிவிடும்.

"பசங்களுக்கு வாயெல்லாம் புண்ணு, தங்கச்சி. பெரிய நோய் மாதிரி எனக்குத் தெரியல. இருபத்தாறு வருஷமா பார்க்கிறேன். நேத்து ஒரு டாக்டர் வந்தாரு. ஒவ்வொண்ணுக்கும் வாயைத் திறந்து பார்த்தாரு. ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காரு. நல்ல மனுஷன். போகும்போது ரெண்டு நாள் பொறுங்கன்னு சொன்னாரு."

அந்த நல்ல மனுஷன் தன் அப்பா என்று கமா சொல்லவில்லை. ரெண்டு நாள் என்றால் என்ன என்று வீட்டில் கேட்கவும் இல்லை.

புதன்கிழமை மதியம் நெட்டை தன் மனுவை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தான். பதினான்கு பக்கம்.

"வெட்டிக் குடு. நீ கை வைக்கலைன்னா நீதிபதி மூணாம் பக்கத்துலயே தூங்கிடுவாரு."

கமா அதை ஐந்து பக்கமாக்கினாள். கடைசியில் இடைக்காலக் கோரிக்கையை மட்டும் அவளே புதிதாக எழுத வேண்டியிருந்தது. செத்த ஆடுகளைக் கடலில் வீசக் கூடாது. முறையான ஏற்பாடு இல்லாமல் கரைக்குக் கொண்டுவந்து எங்கேயாவது கொட்டவும் கூடாது. நெட்டைக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் தட்டிக்கொண்டிருந்தபோது ஆட்டுக்காரரின் அழைப்பு வந்தது. தோளில் போனை இடுக்கிக்கொண்டு, "ஒரு நிமிஷம், அண்ணே," என்று சொல்லியபடியே வாக்கியத்தை முடித்தாள்: 'மறு உத்தரவு வரும்வரை மேற்படி கப்பலிலிருந்து எதையும் கடலிலோ கரையிலோ இறக்கக்கூடாது.'

நெட்டை திரையைப் பார்த்து, "கச்சிதம்," என்றான்.

வியாழக்கிழமை மூன்று மனுக்களும் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போயின. கமாவின் மனுவில் ஒரு இணைப்பு விட்டுப்போனதாகத் திருப்பிவிட்டார்கள். அம்பாசடரின் மனுவுக்கு மொழிபெயர்ப்புச் சான்று வேண்டும் என்றார்கள். நெட்டையின் மனு மட்டும் எண் வாங்கி, மாலை நான்கரைக்கு விசாரணைக்கு வந்தது. மறுநாளிலிருந்து மூன்று நாள் விடுமுறை என்பதால் நீதிமன்றத்தில் எல்லோருக்கும் அவசரம். அரசு வக்கீலிடம் கப்பலைப் பற்றி ஒரு தாளும் இல்லை. அவர் அவகாசம் கேட்டார். நீதிபதி மனுவின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அதில் இருந்த வரியை அப்படியே சொல்லித் தட்டச்சு செய்ய வைத்தார். மற்ற இரண்டு மனுக்களோடு சேர்த்து அடுத்த செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்று எழுந்தார்.

ஆறு நிமிடம். மாணவர்கள் போட்ட மனுவுக்கு அன்றைக்கே உத்தரவு கிடைத்தது அந்தக் கல்லூரியில் அதுவரை நடந்ததில்லை. வெளியே வந்ததும் நெட்டை கமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான். நீதிமன்ற உணவகத்தில் வக்கீல் அக்கா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கமாவும் சிரித்தாள். தன்னுடைய மனு செவ்வாய்க்கிழமை வந்துவிடும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் எழுந்து வந்தபோது அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். ரப்பர் பூட்ஸும் மருந்துப் பெட்டியும் வாசலில் தயாராக இருந்தன. அவர் கையில் இரண்டு தாள்கள். பக்கத்தில் வைத்த காபி ஆடை கட்டியிருந்தது.

"என்னங்க, போகலையா?" என்றாள் அம்மா.

"போய் என்ன பண்ண." தாளை மேசையில் வைத்தார். "இன்னைக்கு இறக்கறதா இருந்துச்சு. கொட்டகையைக் கழுவி, வைக்கோல் போட்டு, லாரிக்குச் சொல்லி எல்லாம் ஆச்சு. என் பொறுப்புல இறக்கறேன்னு எழுதிக்குடுத்து நேத்து மதியம்தான் அனுமதி வாங்கினேன். ராத்திரி எட்டு மணிக்கு இது வருது."

கமா மேசை அருகே வந்தாள். கப்பல் பேச்சு வேண்டாம் என்ற ஒப்பந்தத்தை அவரே மறந்துவிட்டிருந்தார்.

"பார்க்கலாமாப்பா?"

அவர் தாளை நகர்த்தினார். அவள் படித்தாள். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

"இது செத்த ஆட்டைப் பத்திதான்ப்பா. உயிரோட இருக்கிறதை இறக்கக் கூடாதுன்னு இல்ல."

"அப்படித்தான் நானும் எங்க சட்ட அதிகாரிகிட்ட சொன்னேன். எதையும்னா எதையும்தான், ஒரு கால்நடை டாக்டர் எனக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டாம்னுட்டாரு. மீறினா அவமதிப்பு வழக்கு வரும், வேலையும் போகும்னாரு. வேலை போறதுகூடப் பரவாயில்ல. லாரிக்காரன் வரமாட்டேங்கிறான். துறைமுகத்துல கேட்டைத் திறக்க மாட்டேங்கிறாங்க."

"அப்பா, இந்த வரியை எழுதினது நான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது உன் மனு இல்லையே."

"நெட்டையோட மனு. எழுதிக்குடுத்தது நான்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அப்பா தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியில் விரலை வைத்தார்.

"எதையும்னு ஏன் போட்டே?"

"செத்ததை நினைச்சுத்தான் எழுதினேன்."

"நீ நினைச்சது தாள்ல இல்லையே," என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பூட்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "ஏத்தக் கூடாதுன்னு உத்தரவுல இல்ல. தீவனமாவது ஏத்தலாம்."

அதன்பின் மூன்று நாள் அவர்கள் எல்லோரும் ஓடினார்கள். வக்கீல் அக்கா விடுமுறைக்கால நீதிபதியின் வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் நின்றார். இன்னொரு நீதிபதி போட்ட உத்தரவில் தான் கை வைக்க முடியாது என்று பதில் வந்தது. உத்தரவு போட்டவர் ஊரில் இல்லை. பதிவாளர், திருத்தம் கேட்டு மனு கொடுங்கள், திங்கட்கிழமை முதல் வழக்காக வைக்கிறேன் என்றார். அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. அந்தத் திருத்த மனுவைக் கமாதான் எழுதினாள். இரண்டு பத்தி எழுத ஐந்து மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, அது வேறு எதையெல்லாம் குறிக்கும் என்று யோசித்தாள். கடைசியில் வக்கீல் அக்கா தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"நானும்தான் படிச்சுக் கையெழுத்துப் போட்டேன், கமா. எனக்கும்தான் தோணலை," என்றார். அவள் தலையாட்டினாள்.

நெட்டையும் அம்பாசடரும் வகுப்புத் தோழர்களைத் திரட்டி, கிடைத்த இடத்திலெல்லாம் வைக்கோல் வாங்கி, மேடை வரைக்கும் தோளில் சுமந்தார்கள். தீவனம் ஏறியது. தண்ணீர் ஏறியது. கப்பலுக்கு டீசல் கொடுக்க மட்டும் யாருக்கும் அதிகாரம் இல்லை. பழைய ஜெனரேட்டர் ஒன்றை வைத்து அடித்தட்டு மின்விசிறிகளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அது நின்றது.

ஒரு மணிக்கு ஆட்டுக்காரர் கூப்பிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"கீழ காத்து இல்ல, தங்கச்சி. மூத்திர வாடை கண்ணைத் திறக்கவிடல. முடிஞ்ச மட்டும் மேல தள்ளிட்டோம், மேலயும் இடமில்ல. இந்த உத்தரவைக் கேப்டன் ஒட்டி வச்சிருக்காரு. எதையும் இறக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு. செத்ததையும் இறக்கக்கூடாதுன்னா, சாகவே கூடாதுன்னுதானே அர்த்தம் வருது. இதைப் போய்ப் பசங்ககிட்ட யாராச்சும் சொல்லுங்க."

கமா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். அவர் தொடர்ந்தார்.

"யாரு எழுதினாங்களோ தெரியல. அவங்க வந்து இங்க அடித்தட்டுல ஒரு நிமிஷம் நின்னாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"திங்கட்கிழமை மாத்திடுவோம், அண்ணே."

"திங்கட்கிழமையா," என்றார். பிறகு யாரோ கூப்பிட, அழைப்பைத் துண்டித்தார்.

அன்று அவள் சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது, திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மாலையில் அவரே கூப்பிட்டு, செத்தது முன்னூற்றுப் பத்து என்றார். ஞாயிறு காலை அறுநூற்று எழுபது. ஞாயிறு மாலை எண்ணுவதை விட்டுவிட்டதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு நீதிபதி வந்தார். திருத்த மனுவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "உயிருள்ள ஆடுகள் இதில் அடங்குமென்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லையா? எனக்கும் தோன்றவில்லையே," என்றார். பதினொன்றுக்கு உத்தரவு மாறியது. பன்னிரண்டரைக்குக் கேட் திறந்தது.

இறங்கியவை எழுநூற்றுச் சொச்சம். இறங்கியவை என்று சொல்வதுகூடச் சரியில்லை, பாதிக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தவை. கொட்டகையில் அப்பா ஒவ்வொன்றாக நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். சூட்டிலும் அடித்தட்டு வாடையிலும் நுரையீரல் வெந்துபோனவற்றை இடப்பக்கம் ஒதுக்கச் சொன்னார். இடப்பக்கம் போனவை இனிப் பிழைக்காது; அவற்றுக்குக் கடைசி ஊசியை அவரேதான் போட்டார். உதவிக்கு வந்த இளைய மருத்துவர் முதல் நாளே ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். அப்பா மூன்று நாள் போட்டார். காலையில் போய் இருட்டுவதற்கு முன் வருவார். வாசல் குழாயில் பூட்ஸைக் கழுவுவார். கழுவி முடித்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா போய் குழாயை மூடிவிட்டு அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவாள்.

செத்தவற்றைப் புதைக்கும் இடத்தில் நெட்டை நின்றான். குழிக்குள் கனமான பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருக்கிறார்களா, ஏரியிலிருந்து தூரம் சரியா என்று அளந்து பார்த்தான். அவன் கேட்டதெல்லாம் முறையாக நடந்தது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு நான்கு நாள் அங்கேயே இருந்துவிட்டு வந்து, அறையில் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"கச்சிதம்னு சொன்னது நான்தான்," என்றான்.

"எழுதினது நான்தான்."

அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபமும் இல்லை. ஆனால் அதன்பின் அவன் அறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவளும், அவள் இருக்கும் நேரமாகப் பார்த்து அவனும் வெளியே இருந்தார்கள். விசிறிக்குத் தகராறு பண்ண ஆள் இல்லாமல் போயிற்று.

புதன்கிழமை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சாதாரண வாய்ப்புண். எந்த மந்தையிலும் வருவதுதான், மூன்று வாரத்தில் தானாக ஆறிவிடும்.

அதே வாரம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் மூன்று மன்றங்களின் படத்தையும் ஒட்டினார்கள். மாணவர் மனுவுக்கு ஒரே நாளில் இடைக்கால உத்தரவு என்று தலைப்பு. முதல்வர் பாராட்டு விழா வைத்தார். கமா போகவில்லை. அம்பாசடர் போய், அவளுக்கும் சேர்த்துக் கொடுத்த கேடயத்தை வாங்கி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய அட்டைப்பெட்டியில் வைத்தான். அவனுடைய மனுவுக்கு மட்டும் நினைத்த பலன் கிடைத்தது. ஆடுகள் இறங்கிவிட்டதால், ஊழியர்களைத் தங்கும் விடுதிக்கு மாற்றி, ஒவ்வொருவராக ஊருக்கு அனுப்ப ஏற்பாடானது.

சனிக்கிழமை அப்பா தன் துறைக்கு அறிக்கை எழுதினார். மேசையில் வைத்துவிட்டு அம்மாவைப் படிக்கச் சொன்னார். மூன்றாம் பத்தியில், இறக்குவதில் ஏற்பட்ட தாமதமே இறப்புக்கு முதன்மைக் காரணம், தாமதத்துக்குக் காரணம் நீதிமன்ற உத்தரவின் வாசகம் என்று இருந்தது.

"இதை இப்படித்தான் எழுதணுமா?" என்றாள் அம்மா. "பெத்த பொண்ணை நீங்களே காட்டிக்குடுக்கிற மாதிரி."

"பேரு எங்கயும் இல்லையே."

"அவளுக்குத் தெரியுமில்ல."

"தெரியும்," என்றார் அப்பா. "அதுக்காக வேற எதைக் காரணம்னு எழுதச் சொல்றே? அந்த ஆட்டுக்காரரு சரியா பார்த்துக்கலைன்னா? முதலாளியோட ஆளு அப்படித்தான் எழுதிக்கிட்டு வந்து நிக்கிறான்."

கமா அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் வீட்டில் சொல்லிவிட்டு ஊழியர் விடுதிக்குப் போனாள். நீளமான கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசைக்குப் பின்னால் வருகைப் பதிவேட்டோடு ஒரு எழுத்தர். ஆட்டுக்காரர் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். குரலை வைத்து நினைத்ததைவிடச் சிறிய உருவம். கண்கள் இன்னும் சிவந்திருந்தன. அவள் யாரென்று சொன்னதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க, தங்கச்சி. எத்தனை தடவை கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணியிருப்பேன்."

அவள் உட்காரவில்லை.

"அந்த உத்தரவுல இருந்த வரியை நான்தான் எழுதினேன், அண்ணே. செத்ததை மட்டும் நினைச்சு எழுதினேன். சனிக்கிழமை நீங்க யாரு எழுதினதுன்னு கேட்டீங்க. அப்பவே எனக்குத் தெரியும். சொல்லல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். எழுத்தர் பதிவேட்டில் பக்கத்தைப் புரட்டினார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்," என்றார் கடைசியில்.

"பயமா இருந்துச்சு."

"எனக்கு அன்னைக்கு ஏசறதுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. யாரும் கிடைக்கல. சமையல்காரனைப் போட்டு அடிச்சிட்டேன். பாவம், அவன் என்ன பண்ணுவான்." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப ஏசறதுக்குத் தெம்பில்ல."

அவள் அழுதாள். அவர் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவள் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முதலாளியின் முகவர் கொடுத்தது. கவனக்குறைவால் ஆடுகள் இறந்ததாக அவரே ஒப்புக்கொள்கிற மாதிரி எழுதியிருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டாத்தான் ஊருக்கு டிக்கெட்டாம். போட்டா அப்புறம் எந்தக் கப்பல்லயும் ஏத்தமாட்டாங்க. எங்களுக்காக மனு போட்ட உங்க சிநேகிதப் பையன், போட வேண்டாம், டிக்கெட்டுக்கு நாங்க பொறுப்பு, நடந்ததை நீங்களே எழுதிக் குடுங்கன்னு சொன்னாரு. எனக்கு எழுத வராது. நீங்கதான் எழுதத் தெரிஞ்சவங்களாச்சே."

அவர் அதைக் குத்தலாகச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுத்தரிடம் தாள் வாங்கி, மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். எந்த நாள் எந்தத் தட்டில் எத்தனை, எத்தனை மணிக்கு மின்விசிறி நின்றது, யாரிடம் எத்தனை முறை சொன்னார். பன்னிரண்டு வரி. எழுதி முடித்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, தயங்கி நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க, தங்கச்சி. இதை வேற ஒருத்தரு படிச்சுச் சொன்னா நல்லா இருக்கும்."

"படிக்கச் சொல்லுங்க, அண்ணே."

எழுத்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, பள்ளிப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்தார். ஆட்டுக்காரர் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றித் தலை குனிந்து கேட்டார். ஒன்பதாவது வரியில், 'கடைசி வரை எல்லா ஆடுகளுக்கும் தண்ணீர் வைத்தேன்' என்று வந்ததும் கையைத் தூக்கினார்.

"எல்லா இல்ல. ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல அடித்தட்டுக்கு என்னால இறங்க முடியல. ரெண்டு தடவை போனேன், மயக்கம் வந்துச்சு. அதுக்கப்புறம் போகல. அங்க இருந்தது செத்துடுச்சுன்னு நினைச்சேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தா, சிலது இருந்துச்சு."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"இதை எழுதினா உங்களுக்குத்தான் எதிராப் போகும், அண்ணே," என்றாள் கமா. "விட்டுடலாம். பொய்யா இருக்கக் கூடாதுன்னா, அந்த வரியையே எடுத்துடறேன்."

"எடுக்க வேண்டாம். நான் சொன்னதைப் போடுங்க."

அவள் அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினாள். எழுத்தர் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். ஆட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். முகவரின் தாளைச் சுக்குநூறாகக் கிழிப்பார் என்று அவள் நினைத்தாள். அவர் அதை மடித்து எழுத்தரிடம், "அவரு வந்தாக் குடுத்துடுங்க," என்று கொடுத்தார்.

"போயிட்டு வாங்க, தங்கச்சி," என்றார். வாசல் வரை வரவில்லை.

அங்கிருந்து பஸ் பிடித்துக் கொட்டகைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலையாள் யாரும் இல்லை. மிஞ்சியிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு ஆடுகளும் வைக்கோலில் நின்றும் படுத்தும் கிடந்தன. அப்பா ஒவ்வொன்றாகப் பிடித்து வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்து தடவிக்கொண்டிருந்தார். முழங்கை வரை ஊதா. அவளைப் பார்த்ததும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"ஆட்டுக்காரரைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"என்ன சொன்னாரு?"

அவள் சொன்னாள். அடித்தட்டில் சில உயிரோடு இருந்ததையும் சொன்னாள். அப்பா மருந்துப் புட்டியை மூடிக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தார்.

"அதுங்களை நான் பார்த்தேன்," என்றார். "பதினேழு. அவருகிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

பிறகு புட்டியை எடுத்துத் திறந்தார்.

"தாடையைக் கீழேருந்து பிடி. அழுத்தாதே. அப்படித்தான்."

மாலை ஆறு மணி வரை அவள் பிடித்தாள், அவர் தடவினார். கதவோரமாகப் படுத்திருந்த ஒன்றை எழுப்பப் போனபோது அது எழவில்லை. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, சுவரில் தொங்கிய இறப்புக் கணக்குப் பலகையில் நேரத்தை எழுதினார். எழுதிய கையோடு அடுத்ததை நோக்கிப் போனார்.